மாமா போட்ட அரிசி

நம் வயதுக்காரர்கள் படிப்பதற்காகவே இதை எழுதுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்களும், கிள்ளானில் என் மாமாவின் லோரியில் தொற்றிக்கொண்டு ஊர் சுற்றியவர்களும் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். முட்டிவலியும் சர்க்கரையுமாக இருந்தாலும் இருக்கிறீர்கள். என் மாமாவைத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். ஆகவே உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் அதை நான் குறையாக நினைத்ததில்லை. பதினைந்து வயதில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஒரு பந்து நூலுமாக நடைபாதையில் உட்கார்ந்தவள் நான். இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒன்று, கிள்ளானில் ஒன்று, பூச்சோங்கில் ஒன்று என மூன்று பூக்கடை. அமைச்சர் கழுத்தில் விழுந்த மாலையும் என் கை மாலைதான். பட்டம் வாங்கின பெண்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். நூலில் முடிச்சு எப்படி விழ வேண்டும் என்பதை என்னிடம்தான் கேட்க வேண்டும்.

போரில் இறந்த வீரர்களின் நினைவு நாளுக்கு வைக்கிற மலர்வளையங்களும் பல வருடமாக என் கடையில் கட்டுகிறோம். கம்பியை வளைப்பது, ஈரப்பாசி சுற்றுவது எல்லாம் நானே பார்த்துப் பார்த்துக் கற்றது. "அதைக் கட்டும்போது பெரியமாமா ஞாபகம் வராதாம்மா?" என்று என் மகள் ஒரு தடவை கேட்டாள். வராது. கம்பி சரியாக வளைந்ததா, பாசி காய்ந்துவிட்டதா, அதுதான் தோன்றும். அப்படிச் சொன்னதும் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இருப்பதைத்தானே சொல்ல முடியும்.

அவளுடைய பெரியமாமா என்பது என் அண்ணன். எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வருட இடைவெளி. நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. எனக்குப் பத்து வயதாகிறபோது அவன் ராணுவத்தில் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. வடக்கே எல்லைக் காட்டில் அப்போது கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை ஓயாத காலம். லீவில் வந்தால் வீடெல்லாம் பூட்ஸ் பாலிஷ் வாடை வரும். பட்டாளத்து பிஸ்கட் கொண்டு வருவான். கல் மாதிரி இருக்கும். தேநீரில் முக்கிக்கொண்டு ஐம்பது எண்ணினால்தான் பல்லுக்கு அடங்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது அலமாரியில் தட்டுகள் கிலுகிலுக்கும். அவன் மட்டும் அந்தச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

அவனுக்குப் பெரிய மீசை. இரண்டு பக்கமும் முறுக்கி விட்டிருப்பான். அந்த மீசையால்தான் எல்லாம் வந்தது.

ஜெஞ்சாரோமில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா அண்ணனின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பையன் நல்லாத்தான் இருக்காரு. மீசையைப் பார்த்தாதான் பாசார்ல மாமூல் வாங்குற ஆளு மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துடுடா. முடிதானே."

"மா, பட்டாளத்துல மீசைக்குத்தான் மரியாதையே. என் முகத்துக்கு யாரு சல்யூட் அடிப்பான்?"

"உனக்கு மீசை வேணுமா, பொண்ணு வேணுமா?"

அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், "யோசிச்சுச் சொல்லுடா. மீசைக்குச் சோறு போட வேண்டியதில்ல" என்றார். அண்ணன் சிரித்துவிட்டான். சிரித்தால் தோற்றுவிட்டான் என்று அர்த்தம்.

முடிவெட்டும் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே, "நெசமாவே எடுத்துடவா? வீட்டுல உத்தரவு வாங்கிட்டியா?" என்று கேட்டார். "உத்தரவே வீட்டுலேர்ந்துதான்ணே" என்றான் அண்ணன். படிகாரக் கல்லைத் தண்ணீரில் நனைத்து உதட்டுக்கு மேல் தேய்த்தபோது அவன் முகம் பச்சைப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. துண்டில் விழுந்த மீசையை நான் ஒரு காலித் தீப்பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. அந்த வயதில் எதையாவது எடுத்து வைத்துக்கொள்வதுதான் வேலை. அன்றைக்கே ஸ்டூடியோவில் மீசை இல்லாத முகத்தோடு ஒரு படம் எடுத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

லீவு முடிந்து கிளம்பும்போது அம்மாவின் தலையில் உள்ளங்கையை வைத்தான். "கல்யாணம் முடியிற வரைக்கும் மீசை வைக்கமாட்டேன். உன் தலைமேல சத்தியம். போதுமா?" என்றான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டு, "எண்ணெய்க் கையை எடுடா" என்றாள். அது எண்ணெய்க் கை இல்லை. பாலிஷ் கை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஜீப் வந்தது. வெள்ளிக்கிழமை காலை. அம்மா வாசல் தெளித்து முடித்திருந்தாள். தெளித்த ஈரத்தில் ஜீப்பின் சக்கரத் தடம் இரண்டு கோடாக விழுந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். காட்டுக்குள் கண்ணிவெடி என்றார்கள். உடலை வெளியே கொண்டுவர நான்கு நாள் ஆகியிருக்கிறது. வடக்கே ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், சொந்தக்காரர் ஒருவர் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்றார்கள். அப்பா சிமென்ட் தரையில் அப்படியே படுத்துவிட்டார். அவர் போகிற நிலையில் இல்லை.

கிள்ளானிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அவரை உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் அளப்பு. ரோட்டில் குறுக்கே நின்ற புலிக்கு ஹார்ன் அடித்து வழி கேட்டதாகச் சொல்வார். அது நகராமல் திரும்பிப் பார்த்ததும், 'சாரி பாஸ்' என்று இவர் ரிவர்ஸ் எடுத்தாராம். நீங்களும் நானும் அதைக் கேட்டு எத்தனை தடவை சிரித்திருக்கிறோம்.

அன்றைக்கு மாமா ஒன்றும் அளக்கவில்லை. ஜீப்பில் ஏறுவதற்கு முன் நேராக அடுப்படிக்குப் போனார். எங்கள் அரிசி டின்னில் கையைவிட்டு ஒரு பிடி எடுத்து, பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் பார்த்தேன். வழியில் பசிக்குமோ என்று நினைத்தேன். பச்சை அரிசியை எப்படித் தின்பார் என்றும் நினைத்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பெட்டியோடு வந்தார். மேலே கொடி போர்த்தி, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு முறுக்கியிருந்தது. திறக்கக் கூடாது என்று கூட வந்த அதிகாரி சொன்னார். அம்மா பெட்டியின் மேல் விழுந்து, "மூஞ்சியை ஒரு தடவை காட்டுங்கய்யா, வாயில நாலு அரிசி போட்டுக்கிறேன்" என்று கேட்டாள். வாய்க்கரிசி இல்லாமல் பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டார்.

மாமா அம்மாவின் தோளைப் பிடித்தார். "அக்கா, நான் பார்த்துட்டேன். முகத்துல ஒரு கீறல் இல்லக்கா. தூங்குற மாதிரிதான் இருக்கான். மீசையை முறுக்கிவிட்டபடி அப்படியே இருக்கான். அரிசியும் போட்டுட்டேன். நீ கவலைப்படாதே."

அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. குழாயைத் திருகி மூடினது மாதிரி நின்றது. எழுந்து உள்ளே போனாள். என் தீப்பெட்டியோடு திரும்பி வந்தாள். எல்லோர் முன்னாலும் அதைத் திறந்து காட்டினாள்.

"மீசை இங்க இருக்குடா. அங்க எப்படிடா இருக்கும்?"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் கடைசியாக லீவில் வந்தபோது மாமா வரவில்லை. மீசை எடுத்த கதையே அவருக்குத் தெரியாது.

"முடி வளராதா?" என்று அப்பா தரையில் படுத்தபடி கேட்டார்.

"என் தலையில கை வச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கான். வளர விடமாட்டான். இது என் புள்ள இல்ல. யாரு பெத்த புள்ளையோ, ஆள் மாறி வந்திருக்கு." அப்புறம் மாமாவைப் பார்த்தாள். "நீ பார்க்கவே இல்ல. பொணத்துக்குப் பயந்து வெளிய நின்னுட்டு வந்து கதை சொல்ற. புலிக்கு ஹார்ன் அடிச்சவன்தானே நீ?"

கூட்டத்தில் யாரோ ஒரு அக்கா, "அவரு எப்பவும் அப்படித்தான் லா" என்று மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மாமா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் ஒன்றும் இல்லை.

எரியூட்டுமிடத்தில் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். காக்கைகள் எழும்பிப் போய் மறுபடியும் அதே மரத்தில் உட்கார்ந்தன. சுட்டவர்களில் ஒருவரின் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழ வேண்டும் என்று தெரிந்தது; அழுகை வரவில்லை. கொடியை மடித்து அப்பாவிடம் கொடுத்தார்கள். அம்மா அதைத் தொடவில்லை. சாம்பலை அப்பாவும் மாமாவும் கிள்ளான் கடலில் கரைத்தார்கள்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு வழிபாடு நடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா என்னைக் கோயில் சீட்டுக் கவுண்டருக்கு அனுப்புவாள். நான் அண்ணன் பேரையும் அனுஷ நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனைச் சீட்டு வாங்க வேண்டும். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்வது. சீட்டு எழுதுகிற தாத்தாவுக்கு விஷயம் தெரியும். முதல் தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் எழுதிக் கொடுத்துவிட்டார். குருக்களும் பேரைச் சொல்லி, 'ஆயுள் ஆரோக்கியம்' என்று மந்திரம் சொல்லிப் பூப் போடுவார். பிறகு அம்மா பிரகாரத்தின் பின்பக்க மூலைக்குப் போய் ஓர் அகல் ஏற்றுவாள். அது பெட்டியில் வந்த பிள்ளைக்கு. "அவன் ஆத்தா எங்க நின்னு வழி பார்க்கிறாளோ. அவளுக்குத் தெரியிற வரைக்கும் நாம போடுவோம்" என்பாள். பேர் தெரியாததால் பேர் சொல்லாமல் கும்பிடுவாள்.

அப்பா இளைத்துப் போனார். அம்மாவோடு சண்டை போடவும் இல்லை. மாமா மாதம் ஒருமுறை வருவார். வாசலில் லோரியை நிறுத்தி, மீனோ பலாப்பழமோ வைத்துவிட்டு நிற்பார். அம்மா வெளியே வரமாட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னதில்லை.

ஜூலை மாதம் வந்தது. எங்கள் பக்கத்து ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் சேர்ந்து, கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரர்களுக்காகப் பிரார்த்தனை வைத்தார்கள். செத்தவர் ஒவ்வொருவர் பேரையும் படித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் தாயாரோ மனைவியோ மோட்ச தீபம் ஏற்றுவது. அப்பா அண்ணன் பேரைக் கொடுக்க வேண்டும் என்றார்.

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு மோட்ச விளக்கு போடச் சொல்றீங்களா? பேர் தெரியாத புள்ளைன்னு ஒண்ணு எழுதச் சொல்லுங்க. வந்து ஏத்துறேன்."

அப்பா அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "அவன் போய்ச் சேரணும்டி. பெத்தவ கூப்பிட்டுப் புடிச்சு வச்சுக்கிட்டிருந்தா எப்படிப் போவான்?"

அம்மா பின்கட்டுக்குப் போய்விட்டாள். அப்பா வேலைக்குப் போய்விட்டார். பேர் கொடுக்க இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

அன்றைக்குப் பிற்பகலில்தான் ஒரு பட்டாளத்துக் கோப்ரல் வந்தார். அண்ணனோடு ஒரே பிரிவில் இருந்த மலாய்க்காரர். அதே வெடியில் கால் போகாமல் பிழைத்தவர், ஊன்றுகோலோடு நடந்தார். ஊருக்குப் போகிற வழி, சாயங்காலம் ரயில் என்றார். அண்ணனின் சாமான்கள் கொஞ்சம் பொட்டலமாகக் கொண்டு வந்திருந்தார். அம்மா பட்டாளத்துக்காரர்கள் முகத்தில் விழிப்பதில்லை என்று இருந்தாள். பின்கட்டில், குழாயடியில் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கூடத்துக்கும் அதற்கும் நடுவில் நீளமான நடை. மலாய் எனக்குத்தான் வரும். கம்பத்து மலாய்ப் பிள்ளைகளோடு கோலி ஆடிக் கற்றது.

நான் போய்ச் சொன்னேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "பெட்டியில வந்த புள்ளையைக் கடைசியா பார்த்தப்ப மீசை இருந்துச்சான்னு கேளு. வேற ஒண்ணும் கேக்காதே. மீசை இருந்தா, அது என் புள்ள இல்ல. அத்தோட முடிஞ்சுது. இல்லேன்னா..." அதோடு நிறுத்திவிட்டாள்.

நான் கூடத்துக்கு ஓடி வந்து கேட்டேன். கோப்ரல் சிரித்தார்.

"மிசாய்? இருந்துச்சு, அடிக். காட்டுல ரெண்டு வாரம் யாரும் சவரம் பண்ணல. ஆத்தங்கரைக்கு வந்ததும் எல்லாரும் தாடியை எடுத்தோம். உன் அண்ணன் மீசையை மட்டும் விட்டுட்டான். அம்மாகிட்ட சொல்லாதே, வீட்டுக்குப் போறதுக்கு முந்தி எடுத்துடுவேன்னு சொன்னான்." அப்புறம் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "உன் மாமாவும் பார்த்தாரே. ஆஸ்பத்திரியில நான் பக்கத்துலதான் இருந்தேன். பாக்கெட்டுலேர்ந்து அரிசி எடுத்து உன் அண்ணன் வாயில போட்டாரு. பாதி கீழ கொட்டிடுச்சு. உக்காந்து ஒவ்வொண்ணா பொறுக்கி மறுபடியும் போட்டாரு. எதுக்குன்னு கேட்டேன். இது அவன் அம்மா வீட்டு அரிசின்னு சொன்னாரு."

பொட்டலத்தின் மேலே ஒரு படம் இருந்தது. ஆற்றங்கரையில் அண்ணனும் கோப்ரலும் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். அண்ணனுக்கு மீசை. பழைய மீசை அளவுக்கு இல்லை. ஆனாலும் மீசைதான்.

நான் அந்தப் படத்தை எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு நடையில் நடந்தேன். ஓடவில்லை. அந்த நடையில் எத்தனை எட்டு வைத்தேனோ, அதற்குள் யோசித்ததுதான். இருந்தது என்று சொன்னால், அண்ணன் அம்மா தலையில் வைத்த சத்தியத்தை மீறினவன் ஆகிவிடுவான். அம்மாவும் நம்பமாட்டாள், ஞாயிற்றுக்கிழமை விளக்கும் இல்லை. அண்ணன் போய்ச் சேர முடியாது என்று அப்பா சொன்னது காதில் இருந்தது. பின்னால் ஒரு சரக்கு ரயில் போனது. தட்டுகள் கிலுகிலுத்தன.

"என்னடி சொன்னாரு?"

"இல்லையாம்மா."

"என்ன இல்ல?"

"மீசை. மழமழன்னு இருந்துச்சாம்."

அம்மா கையில் இருந்த நெத்திலியின் தலையைக் கிள்ளினாள். அடுத்ததை எடுத்தாள். கூறு முழுவதையும் கிள்ளி முடித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள். "அப்ப நான் அஞ்சு மாசமா பின்னாடி மூலையில விளக்கு போட்டது என் புள்ளைக்குத்தான்."

நான் தலையாட்டினேன்.

"உன் மாமன் பார்க்கவே இல்ல. மீசை இருந்துச்சுன்னானே. அப்ப அரிசி போட்டேன்னதும் பொய்தான்."

அதற்கும் நான் தலையாட்டினேனா, சும்மா நின்றேனா என்பது நினைவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

அம்மா தானே தேநீர் கலந்து கூடத்துக்குக் கொண்டு போனாள். கோப்ரலின் காலைப் பார்த்தாள். "சாப்டுட்டுப் போ தம்பி" என்று தமிழில் சொன்னாள். அவர் புரிந்துகொண்டு தலை குனிந்து கும்பிட்டார். அவர் மறுபடியும் வரவே இல்லை.

படத்தை நான் ரயில் பாதை ஓரத்தில் அடுக்கியிருந்த, தார் பூசிய கட்டைகளுக்கு நடுவில் செருகி வைத்தேன். அன்று இரவு முழுவதும் மழை. மறுநாள் எடுத்துப் பார்த்தால் முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் கூழ். கோப்ரலின் கை மட்டும் தோளில் தெரிந்தது. அதை லோங்காங் சாக்கடைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். அண்ணனைக் கடைசியாக எடுத்த படம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பேர்களைப் படித்தார்கள். அண்ணன் பேர் வந்தபோது அம்மா போய் ஏற்றினாள். ஏற்றிவிட்டு இன்னோர் அகலையும் எடுத்து ஏற்றினாள். அது யாருக்கு என்று அப்பா கேட்டார். "யாரு பெத்த புள்ளைக்கோ. பழகிப் போச்சு" என்றாள். வயதான பட்டாளத்துக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "சாமி, நம்ம புள்ளைங்க வீட்டுக்கு வரட்டும். காட்டுக்குள்ள இருக்கிற அவங்க புள்ளைங்களும் அவங்க வீட்டுக்குப் போகட்டும். சண்டை போதும்" என்று வேண்டிக்கொண்டார்.  மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றார். பிரார்த்தனை முடிந்து, "அக்கா" என்று ஒரு அடி முன்னால் வந்தார். அம்மா செருப்பைத் தேடிக் குனிந்தாள்.

அடுத்த வாரம் அந்தத் தீப்பெட்டியைக் கிள்ளான் கடலில் விட்டோம். மாமா பஸ் நிலையத்தில் லோரியோடு காத்திருந்தார். அம்மா வேறு பஸ்ஸில் ஏறினாள்.

வருடங்கள் போயின. எண்பதுகள் முடியும்போது காட்டுச் சண்டை ஓய்ந்துவிட்டது, காட்டில் இருந்தவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அம்மா கேட்டுவிட்டு அரிசி களையப் போனாள். நீங்களெல்லாம் மாமாவை 'மீசை பார்த்தவர்' என்று கேலி பேசினது எனக்குத் தெரியும். யார் வீட்டுச் சாவிலும் மாமா முன்னால் நிற்கமாட்டார். 'இவரு பொணத்தைப் பார்த்த அழகு தெரியாதா' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். புலிக்கதையையும் அவர் நிறுத்திவிட்டார். அதைக்கூட நாம் யாரும் கவனிக்கவில்லை.

தொண்ணூறுகளில் மாமா இறந்தார். எனக்கு அப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. பூ மார்க்கெட்டில் ஆம்பளைகளை எதிர்த்துப் பேசி இடம் பிடித்தவள் நான். கிள்ளானில் இரண்டாவது கடையும் திறந்தாகிவிட்டது. மாமாவுக்கு ஆள் உயர ரோஜா மாலை நானே கட்டிக் கொண்டு போனேன். ஊரே பார்த்தது. வாய்க்கரிசிக்குத் தட்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடப்பிறந்தவள் என்று அம்மாவை முதலில் கூப்பிட்டார்கள். அம்மா தட்டு வரைக்கும் வந்தாள். அரிசியைப் பார்த்தாள்.

"என் புள்ளைக்குப் போடாமலே போட்டேன்னு சொன்னவன். இவனுக்கு நான் போடமாட்டேன்."

தட்டு என் கையில் இருந்தது. பித்தளைத் தட்டு. 'போட்டாரும்மா. நம்ம வீட்டு டின்னிலேர்ந்து எடுத்துட்டுப் போனதை நான் பார்த்தேன்' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால் அண்ணன் சத்தியம் மீறினது வரும், மீசை வரும், படம் வரும். அம்மாவுக்கு எழுபது வயது. நான் தட்டை அடுத்தவர் பக்கம் திருப்பினேன். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாலையின் எடையில் பாடை ஒரு பக்கம் சாய்கிறதே என்றுதான் நினைத்தேன்.

அம்மாவும் போய் வருடக்கணக்காகிவிட்டது. இனி என் வாயை யாரும் தடுக்க முடியாது. தடுத்தவர்கள் யாரும் இருந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த வருடமும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை நடந்தது. மலர்வளையங்களை இறக்கி வைத்துவிட்டு மோட்ச தீபச் சீட்டுக் கவுண்டருக்குப் போனேன். ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் பேரைச் சொன்னேன். பழக்கத்தில் நட்சத்திரமும் சொன்னேன்.

"இதுக்கு நட்சத்திரம் வேணாம் ஆன்ட்டி. பேரு மட்டும் போதும்."

மாமா பேரையும் சொன்னேன்.

"இவரும் பட்டாளமா ஆன்ட்டி?"

"இல்லம்மா. லோரி ஓட்டினவரு. எங்க அண்ணனுக்கு வாய்க்கரிசி போட்டவரு. போட்டாரு. நான் சாட்சி. அப்படின்னு எழுதிக்கோ."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"அதெல்லாம் எழுத இதுல இடம் இல்ல ஆன்ட்டி. பேரு மட்டும்தான் வரும்."

சீட்டை வாங்கிக்கொண்டேன். இரண்டு விளக்கு ஏற்றினேன். அங்கே இடம் இல்லை என்றதால் இங்கே எழுதியிருக்கிறேன். மாமா பார்த்தார். மீசை இருந்தது. அரிசி போட்டார். பொய் சொன்னது நான்.